மரவாடிக்காரர் மகனோடு கல் பார்க்கப் போனது

தொடர் விடுமுறை வந்தால் சென்னை பாதி காலியாகிவிடும். காலி செய்துகொண்டு கிளம்பியவர்கள் அத்தனை பேரும் பரனூர் சுங்கச்சாவடியில் வரிசைகட்டி நிற்பார்கள். 2026இல் குடியரசு தினம் திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறோடு அதையும் சேர்த்து எங்காவது போய்வரலாம் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்தது.

பெங்களூரில் இருக்கும் மகள் போனிலேயே தடை போட்டாள். “ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்கம்மா. கொண்டை ஊசி வளைவிலயே லீவு முடிஞ்சிடும்.” இவருக்கு முழங்கால் வலி, நெடுந்தூரம் கார் ஓட்ட முடியாது. எனக்கோ கூட்டத்தில் இடிபட்டு எதையும் பார்க்கப் பிடிக்காது. இந்த மூன்று நிபந்தனைகளுக்கும் ஒத்துவந்த ஊரைத் தேடியபோது, ஆயுசெல்லாம் நாங்கள் கடந்துபோய்க்கொண்டே இருந்த ஒரு மாவட்டம்தான் அகப்பட்டது: விழுப்புரம். திருச்சிக்கோ மதுரைக்கோ போகும்போது பஸ் நிற்கும், டீ குடிப்போம், கிளம்பிவிடுவோம். அதற்கு மேல் விழுப்புரத்தோடு எங்களுக்கு உறவில்லை.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை பார்த்தது வங்கியில் என்றாலும், வளர்ந்தது மரவாடியில். என் மாமனார் ஆரணியில் மரவாடி வைத்திருந்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் இவர் முதலில் நிலைக்கதவைத்தான் தட்டிப் பார்ப்பார். “தேக்குன்னு சொல்லி வேங்கையைக் குடுத்திருக்கான்” என்று என் காதோடு சொல்வார். அப்படிப்பட்ட மனிதரைக் கல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறோமே, சலித்துக்கொள்வாரோ என்ற யோசனை எனக்கு இருந்தது.

விடிவதற்கு முன்பே கிளம்பியும் பரனூரில் நின்றோம், ஆத்தூரிலும் நின்றோம். திண்டிவனம் தாண்டிக் கூட்டேரிப்பட்டில் இடது பக்கம் திரும்பியதும் கூட்டமெல்லாம் மாயமாகிவிட்டது. மயிலம் முருகன் குன்று, அறுவடைக்குக் காத்திருந்த நெல், சாலையோரம் பனை வரிசை. அந்த வழியே போனால் திருவக்கரை.

திருவக்கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சந்திரமௌலீஸ்வரர் கோயிலுக்கும் அங்கே வாசலிலேயே கோபமாக உட்கார்ந்திருக்கும் வக்கிரகாளிக்கும்தான் வருகிறார்கள். பௌர்ணமி என்றால் ஊர் தாங்காது. நாங்கள் முதலில் போனது ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் கல்மரப் பூங்காவுக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940ஆம் ஆண்டிலிருந்து காத்துவரும் இடம் அது. மொத்தம் 247 ஏக்கர் என்றாலும் நாம் நடந்து பார்க்க முடிவது அதில் சிறு பகுதிதான். 1781இலேயே பிரெஞ்சு இயற்கை அறிஞர் சொன்னரா இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

உள்ளே போனதும் செம்மண் தரை, முள்செடிகள், நடுநடுவே வெட்டிப் போட்ட அடிமரங்கள் மாதிரி பெரிய பெரிய கட்டைகள். மழைக்கு முன்னால் யாரோ லாரியில் ஏற்ற மறந்துபோன மரம் என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். இவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்டுமுகத்தில் விரலை வைத்து வளையங்களைத் தொட்டுக்கொண்டே போனார். பட்டை தனியாகத் தெரிந்தது. கிளை ஒடிந்த இடத்தில் கணு, கணுவைச் சுற்றி வளைந்து ஓடும் ரேகை, எல்லாம் அப்படியே. பழக்கதோஷத்தில் விரல் மடக்கித் தட்டினார். டக் என்று கல்லின் சத்தம் வந்தது.

“இது எத்தனை வருஷத்து மரம்னு போட்டிருக்கு?” என்றார். பலகையைப் படித்துச் சொன்னேன்: சுமார் 2 கோடி ஆண்டு. “எங்கப்பா பர்மா தேக்கை நாலு வருஷம் காயப்போட்டதுக்கே பெருமை அடிச்சுக்குவார்” என்று சிரித்தார்.

அங்கிருந்த காவலாளி நல்ல பேச்சுக்காரர். இவர் கேட்ட கேள்வி அவருக்குப் பிடித்துப்போயிற்று. “ஏங்க, கட்டை மட்டும் கிடக்கு, வேரு எங்க, கிளை, இலை எங்க?” என்பதுதான் அந்தக் கேள்வி. விடை அதற்குள்ளேயே இருந்தது. இவை இங்கே வளர்ந்த மரங்கள் அல்ல. எங்கோ மேட்டுப்பகுதியில் நின்றவற்றை வெள்ளம் பெயர்த்து உருட்டிக்கொண்டு வந்தது. வரும் வழியில் வேரும் கிளையும் இலையும் போய்விட்டன. அடிமரம் மட்டும் இங்கே மணலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி, மரத்தின் நுண்ணிய அறைகளில் ஒவ்வொன்றாக இடம்பிடித்தது. மரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்ள, அதே வடிவத்தில் கல் வந்து உட்கார்ந்தது. புளியும் ஆமணக்கும் சேர்ந்த குடும்பங்கள், மருதும் கடுக்காயும் சேர்ந்த குடும்பம் என்று இவற்றின் இனத்தை ஆய்வாளர்கள் அறிந்திருப்பதும் அந்த நுண்ணறைகளின் அமைப்பு அழியாமல் இருப்பதால்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பையன் கீழே கிடந்த ஒரு சில்லை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டான். காவலாளி பார்த்துவிட்டார். அதட்டவில்லை. “தம்பி, அதை எடுத்த இடத்துலயே வெச்சிடு. வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்தா, உன் பிள்ளை வர்றப்ப நான் மண்ணைத்தான் காட்டணும்” என்றார். பையன் வைத்துவிட்டான். பையனின் அப்பா முகத்தில்தான் வருத்தம். ஷோகேஸில் வைக்க நினைத்திருப்பார் போல.

கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் சோழநாட்டுச் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்கோயில்களாக மாற்றிக் கட்டியவர் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அவர் கைபட்ட கோயில்களில் திருவக்கரையும் ஒன்று. வெளியே வந்தால் சாலையில் வரிசையாக டிப்பர் லாரிகள். சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள் அதிகம். ஒரு பக்கம் கல்லான மரத்துக்கு வேலி போட்டுக் காவல். இன்னொரு பக்கம் குன்று குன்றாக ஜல்லியாகிச் சென்னைக்குப் போகிறது. எங்கள் அடுக்குமாடிக்கும் அந்த ஜல்லிதான் வந்திருக்கும். ஆகவே குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்றிரவு விழுப்புரத்தில் தங்கினோம். அறையைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றுமில்லை. இட்லி நன்றாக இருந்தது.

ஞாயிறு காலை செஞ்சி சாலையைப் பிடித்து மண்டகப்பட்டுக்குப் போனோம். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு குன்று. அதன் அடிவாரத்துப் பாறையைக் குடைந்து ஒரு மண்டபம். முன்னால் இரண்டு பருத்த தூண்கள், இரு ஓரத்திலும் தடி ஊன்றி நிற்கும் வாயிற்காவலர்கள், உள்ளே வெறுமையாக மூன்று கருவறைகள். பூசை இல்லை, கூட்டம் இல்லை. தொல்லியல் துறையின் நீலப்பலகையும் எங்கள் இருவரையும் தவிர அங்கே இருந்தவை இரண்டு ஆடுகள்.

இந்தச் சின்ன மண்டபத்துக்கு இருக்கும் மதிப்பு அதன் கல்வெட்டால் வந்தது. விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரந்த எழுத்தில் வடமொழியில் வெட்டிவைத்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இதை எடுப்பித்தேன் என்பது அதன் சாரம். கோயிலின் பெயர் இலட்சிதாயதனம். அதுவரை கோயில் என்றால் செங்கல்லும் மரமும்தான். அவை ஒன்றுகூட முழுசாக நமக்கு மிஞ்சவில்லை. பல்லவர் குடைவரைகளில் இதுவே முதலாவது என்று ஆய்வாளர்கள் பலரும் கொள்கிறார்கள்.

நான் இதை விளக்கி முடித்ததும் மரவாடிக்காரர் மகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “மரம் இல்லாம கட்டினேன்னு ஒரு ராஜா கல்லுல எழுதி வெச்சிருக்கானா? எங்கப்பா கேட்டிருந்தா சண்டைக்கே போயிருப்பார்” என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் தூண் பக்கம் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். “இங்க வாயேன். இந்தத் தூணைப் பாரு.”

பார்த்தேன். கீழே சதுரம், மேலே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. உச்சியில் இரு பக்கமும் கை நீட்டின மாதிரி போதிகை. “இது ஆசாரி வேலை. சதுரக் கட்டையை எடுத்து நடுவுல மூலையைச் சீவினா எட்டுப்பட்டை வரும். மேல போற உத்திரம் தொய்யாம இருக்கத்தான் போதிகை வைக்கிறது. இங்க உத்திரமே கிடையாதே! மொத்தமும் ஒரே பாறை. தூணை எடுத்துட்டாக்கூட மேல இருக்கிறது விழாது. அப்புறம் எதுக்குப் போதிகை?” என்றார்.

நான் புத்தகத்தில் படித்ததை இவர் கண்ணால் கண்டுபிடித்துவிட்டார். மரத்தை விட்டுவிட்டேன் என்று சொன்ன மன்னனின் சிற்பிகளுக்கு மரத்தை விட்டு வேறு விதமாக யோசிக்கத் தெரியவில்லை. கை கல்லைச் செதுக்குகிறது, மனசு தச்சன் பட்டறையில் இருக்கிறது. அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். கட்டிப் பழகிய அழகு அது. அதை யாரால் ஒரே நாளில் உதறிவிட முடியும்?

அதற்குப் பிறகு இவரைப் பிடிக்க முடியவில்லை. அந்த வட்டாரத்திலேயே இருக்கும் தளவானூருக்குப் போனோம். மகேந்திரவர்மனின் இன்னொரு குடைவரை, சத்துருமல்லேசுவராலயம். அங்கே தூண்களுக்கு மேலே இரண்டு மகர வாயிலிருந்து வளைந்து வரும் தோரணம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுகிறோமே, அதைக் கல்லில் நிரந்தரமாகக் கட்டிவிட்டார்கள். “இலையைக்கூட விடலை, பாத்தியா” என்றார் இவர்.

மத்தியானம் சாலையோரத்தில் ஒரு பாட்டி அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். ஒரு படி வாங்கிக் காரிலேயே உரித்துத் தின்றுகொண்டு பனைமலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பனைமலை கண்ணுக்கு நிறைவான இடம். குன்றின் மேல் இராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிக் கைலாசநாதரையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எழுப்பிய அதே இராஜசிம்மன். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். கீழே பெரிய ஏரி. போன மழைக்கு நிரம்பியிருந்தது. மகேந்திரவர்மனுக்கு நூறு ஆண்டுக்குள் பாறையைக் குடைவது என்பது மாறி, கல்லை அடுக்கி விமானம் எழுப்புவது என்றாகிவிட்டது. ஆனால் இங்கே நாங்கள் பார்க்க வந்தது கல்லை அல்ல, ஓவியத்தை.

பக்கத்துச் சிறு சன்னதி ஒன்றின் சுவரில், பூசிய சுதையின் மேல் தீட்டிய பார்வதி. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் வெளியுலகுக்குக் காட்டியது. சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு கால் மடங்கியிருக்கிறது, தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஆடிய சிவன் அநேகமாக அழிந்துவிட்டான்; பார்ப்பவள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். அந்த இருட்டுக்குக் கண் பழகினால்தான் முகம் தெரிகிறது. இவர் செல்போன் விளக்கைப் போடப் போனார். கோயில் ஐயர் வேண்டாம் என்று தடுத்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம். அரைக்கண் மூடிய அந்த முகமும், தோளின் சரிவும் மெல்ல மெல்ல வந்தன. கல்லும் அல்ல, மரமும் அல்ல. விரல் நகம் கனத்துக்குச் சுதை, அதன்மேல் நிறம். 1,300 ஆண்டு தாங்கியிருக்கிறது. அதே சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், யாரோ ஒருவர் தன் பெயரையும் தன் காதலியின் பெயரையும் ஆணியால் கீறியிருந்தார்.

திங்கட்கிழமை செஞ்சி. கோட்டை வாசலில் சட்டையில் கொடி குத்திய பிள்ளைகள், குடும்பம் குடும்பமாக ஜனங்கள், எல்லோர் கையிலும் இருப்பதைப் பறிக்கத் தயாராகக் குரங்குகள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று இது. அதிலிருந்து கூட்டம் கூடியிருக்கிறது என்றார் வாசலில் மோர் விற்ற அம்மா.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்து வளைத்த மதில் சுமார் 13 கிலோமீட்டர். மலையென்று சொல்கிறோமே தவிர, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த உருண்டைப் பாறைகள்தான். தரைக்கடியில் வெடிப்பு விட்டுக் கிடந்த கருங்கல்லின் மூலைமுடுக்குகளை நீர் அரித்து அரித்து உருண்டையாக்கியிருக்கிறது. மேல்மண் கரைந்து போன பிறகு அவை வெளியே தெரிந்தன. இந்தப் பாறைகளுக்கு வயது 200 கோடி ஆண்டுக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் திருவக்கரைக் கல்மரம் நேற்றுப் பிறந்தது.

கோன் வம்சத்தார் தொடங்கி, விஜயநகர நாயக்கர்கள் பெருக்கி, 1649இல் பிஜப்பூர் சுல்தான் பிடித்து, 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. சிவாஜியின் மகன் இராஜாராம் 1689இல் இங்கே வந்து தங்கினான். மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் வந்து வளைத்தான். கோட்டை விழுந்தது 1698இல். அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்த கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள் என்பதும் சரித்திரம்தான். இதற்கு நடுவே 1714இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து இள வயதில் செத்துப்போன தேஜ்சிங், நம் ஜனங்களின் கதைப்பாட்டில் தேசிங்கு ராஜனாகி, பாராசாரிக் குதிரையில் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறான்.

இராஜகிரி உச்சி சுமார் 800 அடி. படிக்குப் படி உட்கார்ந்து ஏறினோம். ஒவ்வொரு வாசலிலும் இவர் நின்றுவிடுவார். “கதவு போயிடுச்சு, குடுமிக்குழி இருக்கு பாரு” என்று காட்டுவார். கதவின் குடுமி சுழல்வதற்காக நிலைக்கல்லில் குடைந்த வட்டக் குழிகள்; உள்ளே விரலை விட்டால் வழவழவென்று இருந்தது. எத்தனை ஆண்டு எத்தனை பாரத்தைச் சுமந்து கதவு திரும்பியிருந்தால் கருங்கல் இப்படித் தேயும்! உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரும் பிளவு. ஆழம் பார்த்தால் தலை சுற்றும். அந்நாளில் அதன்மேல் மரப்பாலம்; எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்கள். இத்தனை மதில், இத்தனை பீரங்கி, எல்லாவற்றுக்கும் கடைசிக் காவல் நாலு பலகை. “பாத்தியா, கடைசியில மரம்தான்” என்றார் இவர், அப்பாவே ஜெயித்த மாதிரி.

இறங்கி வந்து களஞ்சியத்தையும், எட்டு நிலையாக எழும் கல்யாண மகாலையும், வெங்கடரமணர் கோயிலையும் பார்த்தோம். அந்தக் கோயிலின் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்; கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். விடுமுறைக்கு விடுமுறை செஞ்சியைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் பறப்பவர்கள், அங்கே போய் எடுத்துக்கொள்ளும் படத்தில் செஞ்சிதான் பின்னால் நிற்கிறது.

கல்யாண மகாலில் சுவர் நெடுகப் பெயர்கள். சாவியால் கீறியவை, கரியால் எழுதியவை, இதயம் வரைந்து அம்பு விட்டவை. காரியத்தைச் செய்தவர்களும் நம்மைப் போலத் தொடர் விடுமுறைக்கு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

என் முடிவு இதுதான்: நீண்ட விடுமுறைக்கு நீண்ட தூரம் தேவையில்லை. ஒரு மாவட்டம் போதும், ஊர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். நின்று பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் இன்னும் விசேஷம். திண்டிவனத்தைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டு இறங்குங்கள். செஞ்சி மலையில் ஏறுவதானால் வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள், தண்ணீரைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். பனைமலையில் விளக்கடிக்காமல் கண் பழகும்வரை பொறுங்கள். திருவக்கரையில் ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள். உங்கள் பெயரை எழுத ஆசையிருந்தால், தொல்லியல் துறை வாசலில் வைத்திருக்கும் பார்வையாளர் நோட்டில் எழுதுங்கள். அதற்குத்தான் அது இருக்கிறது.